வேப்பிலைப் பொடியும் இரண்டு கேன் கடல் நீரும்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பைக்குள்ளிருந்து அந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே வெளிர் மஞ்சளில் கடலை மாவு மாதிரி ஒரு பொடி.

“என்னம்மா இது?”

“வேப்பிலைப் பொடி சார்.”

“மலேசியாவுலேர்ந்து நம்ம ஊருக்கு வேப்பிலைப் பொடியா?” என்று சிரித்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவளைப் பார்ப்பது போல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் சொன்னது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. வேப்பிலைச் சாற்றில் துத்தநாக உப்பைக் கலந்து, காயவைத்து, உலையில் சுட்டு எடுத்த பொடி அது. சுட்டபின் இலை போய்விடும். மிஞ்சுவது துத்தநாக ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களாக. பெயரில் மட்டும் வேப்பிலை ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்க்கும் நான் இதை இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசை நீண்டிருந்தது, எனக்கும் தூக்கம் வந்துகொண்டிருந்தது.

பொடி என் தம்பி குமரனுடையது. மலேசியாவில் பேராக் கடலோரத்தில் நான்கு குளங்களில் இறால் வளர்க்கிறான். இரண்டு முறை நோய் வந்து எல்லாம் செத்து மிதந்தன. இந்த முறையும் இறாலின் குடல் வெளுக்கத் தொடங்கிவிட்டது. “இதுவும் போச்சுன்னா சிங்கப்பூருக்கு லாரி ஓட்டப் போயிடுவேன்க்கா” என்று சொல்லிவிட்டான். சும்மா மிரட்டுகிறவன் இல்லை. வேப்பிலைத் துகள் இறால் நோய்க் கிருமியைக் கொல்கிறது என்று யாரோ சொல்ல, தெரிந்தவர் பட்டறையில் ஒரு பீப்பாய் நிறையச் செய்துவைத்துவிட்டான். கிருமியைக் கொல்லும், சரி. இறாலைக் கொல்லாதா? அதைத்தான் யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர ஒரு மாதம் ஆகும். ஒரு மாதம் தாங்கும் நிலையில் இறால் இல்லை.

அப்போதுதான் பாத்திமா நினைவுக்கு வந்தாள். என்னோடு சென்னையில் எம்.எஸ்ஸி. படித்தவள், இப்போது பொத்தேரியில் பெரிய கல்லூரி ஒன்றில் பேராசிரியை. “எடுத்துக்கினு வாடி, நாலு நாள்ல பார்த்துடலாம்” என்றாள். பள்ளி விடுமுறை. கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை செங்கல்பட்டில் அவள் வீட்டில் இறங்கினேன். கணவருக்குக் கடைத்தெருவில் செருப்புக்கடை. வீட்டுக்குள் நுழைவதற்குள் “நாஸ்தா துன்னியா?” என்றாள். விமானத்தில் ஏதோ கொடுத்தார்கள் என்றேன். “ஏதோவெல்லாம் நாஸ்தா ஆவாது” என்று இடியாப்பமும் பாயாவும் வைத்தாள். எங்கள் ஊரில் காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை நின்றுகொண்டே பிரித்துச் சாப்பிட்டுவிட்டு ஓடுவோம். இங்கே உட்காரவைத்து, தட்டு காலியாவதற்குள் இன்னொரு கரண்டி விழுகிறது. வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். நான் இரண்டு முறைக்கு மேல் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆய்வகத்தைப் பார்த்தேன். சோதனை எளிது. ஆர்டீமியா என்று பூச்சி அளவில் ஒரு இறால் வகை உண்டு. முட்டையைக் கடல் நீரில் போட்டு விளக்கு வெளிச்சத்தில் காற்றுக் குமிழி விட்டால் ஒரே நாளில் பொரிந்துவிடும். ஆரஞ்சு நிறத்தில், கடுகில் கால்வாசி இருக்கும். குஞ்சுகளைப் பத்துப் பத்தாகச் சின்னக் குப்பிகளில் விடுகிறோம். சிலவற்றில் வெறும் கடல் நீர், சிலவற்றில் இலைச் சாறு மட்டும், மற்றவற்றில் பொடி கலந்த நீர். தம்பி போட நினைத்த அளவு, அதில் பாதி, அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு நாள் கழித்து எத்தனை நீந்துகின்றன, எத்தனை கிடக்கின்றன என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

அங்கே உதவியாளர் எஸ்தர். ஐம்பது வயது இருக்கும். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், இவர் பத்தாவது வரை படித்தவர், இந்த வேலைக்கு வந்து இருபது வருடமாகிறது. கண்ணாடிக் குப்பிகளை அவர் கழுவுகிற சுத்தத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. என் பள்ளி ஆய்வகத்து ஆளைக் கொண்டுவந்து இவரிடம் ஒரு மாதம் விட வேண்டும்.

சாயங்காலம் நான் பொடியைக் கடல் நீரில் கலக்கிப் பெரிய பாட்டிலில் ஊற்றி வைத்தேன். எஸ்தர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா மேடம் இது, சுண்ணாம்புத் தண்ணியாட்டம் கீது?”

எனக்குப் பசி. கீழே கடையில் கொத்து பரோட்டா தட்டும் சத்தம் மாடி வரைக்கும் வந்துகொண்டிருந்தது. “வேப்பிலைதான்க்கா. கஷாயம் மாதிரின்னு வெச்சுக்குங்களேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். கொத்து பரோட்டா நன்றாகவே இருந்தது. பக்கத்து மேசையில் நான்கு மாணவர்கள் ஒரே தட்டைச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். “மச்சான், முட்டைய மட்டும் பொறுக்காத, சொல்டேன்” என்று ஒருவன் கத்தினான்.

புதன்கிழமை காலையில் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். பாத்திமாவுக்குத் தேர்வு மேற்பார்வை, விடியற்காலையிலேயே போய்விட்டாள். நான் தனியாகச் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு வண்டி நின்றது, காலியாக இருந்தது, ஏறி உட்கார்ந்தேன். காலை எட்டு மணிக்கு வண்டி காலியாக இருந்தால் ஏதோ கோளாறு என்று உள்ளூர்க்காரர் யாராயிருந்தாலும் சந்தேகப்படுவார். எனக்கு அந்த அறிவு இல்லை. மறைமலைநகர் ஓடி மறைந்தது, கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றது மட்டும் தெரிந்தது. பொத்தேரியும் ஓடி மறைந்தது.

“நிக்கலியே!” என்று அலறினேன்.

எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா அசையவே இல்லை. “இது வியுப்புரத்து வண்டிமா. தாம்பரத்துலதான் நிக்கும். குந்து, குந்து. எட்டிக் குதிச்சுடப் போற.”

தாம்பரத்தில் இறங்கி, திரும்ப வண்டி பிடித்து, ஆய்வகத்துக்குள் நுழையும்போது மணி பத்து. எஸ்தர் குப்பிகளையெல்லாம் வரிசையாக அடுக்கி, என் பாட்டிலையும் எடுத்து மேசையில் வைத்திருந்தார். பாட்டிலில் இருந்தது கண்ணாடி போலத் தெளிந்த நீர். நேற்று சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருந்தது எங்கே போயிற்று என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடியே, நானோ என்றால் சும்மாவா, ராத்திரியில் நன்றாகக் கரைந்துவிட்டது என்று நானே எனக்குப் பதிலும் சொல்லிக்கொண்டேன். துத்தநாக ஆக்சைடு அப்படிக் கரையாது என்று எட்டு வகுப்புகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். நேரமாகிவிட்ட பதற்றத்தில் அந்தப் பாடமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அளந்து அளந்து குப்பிகளில் விட்டேன்.

வியாழக்கிழமை எண்ணினோம். ஒன்றுகூடச் சாகவில்லை! இரண்டு மடங்கு விட்ட குப்பிகளில்கூட வெளிச்சம் வந்த பக்கம் பாய்ந்து பாய்ந்து நீந்திக்கொண்டிருந்தன. எஸ்தருக்கும் சந்தோஷம். “எல்லாம் கில்லி மாறி கீதுங்க மேடம்” என்றார்.

பாத்திமாவுக்குப் போன் போட்டேன். தேர்வு அறை வாசலிலிருந்து கிசுகிசுத்தாள். “ஒரு தடவ பண்ணிட்டு துள்ளாத. இன்னும் ரெண்டு தடவ பண்ணணும். இருக்கிற தண்ணில அடுத்த முட்டையப் போட்டு வெச்சுடு. கடல் தண்ணி தீந்துடும், நாளைக்கு எஸ்தரக் கூட்டிக்கினு போய் எடுத்துக்கினு வா. நெம்மேலிப் பக்கம் எடுக்காத. அங்க கடல் தண்ணியக் குடிதண்ணி ஆக்குறாங்க, மிஞ்சின உப்புத்தண்ணி திரும்பக் கடலுக்குத்தான் போவும். மாமல்லபுரத்துக்குத் தெக்கால போ.”

நான் துள்ளினேன். தம்பிக்கு உடனே பேசினேன்.

“ஒன்னும் ஆகலடா. ஒரு குஞ்சுகூடச் சாகல.”

“நிஜமாவாக்கா? அப்ப போடலாமா?”

இன்னும் இரண்டு முறை பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் குரல் அப்படி இருந்தது. “போடலாம்” என்றேன்.

“நாளைக்குக் காலையிலேயே ஆரம்பிச்சிடறேன்” என்றான். அன்று ராத்திரி பாத்திமா வீட்டில் இரண்டு தட்டு சாப்பிட்டேன். அவளிடம் தம்பிக்குச் சொன்னதைச் சொல்லவில்லை. திட்டுவாள் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, இரண்டு காலி கேன்களோடு நானும் எஸ்தரும் மாமல்லபுரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். கண்டக்டர் கேனைப் பார்த்து, “இன்னாக்கா, பாலா?” என்றார். “போம்போது காலி, வரும்போது கடலு” என்றார் எஸ்தர். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார். எங்கள் ஊர் பஸ்ஸில் ஓட்டுநருடன் யாரும் பேச மாட்டார்கள், பயண அட்டையைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இங்கே ஏறி இறங்குவதற்குள் நாம் யார், எங்கே போகிறோம், ஏன் போகிறோம் எல்லாம் பஸ்ஸுக்கே தெரிந்துவிடுகிறது.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் எஸ்தர் கேட்டார். “மேடம், உங்க தம்பி பண்ணையில அம்மாம் பெரிய கொளத்துக்கு இத எப்படி ஊத்துவாரு?”

“பீப்பாயில கலக்கி, வாளியில மொண்டு சுத்தி ஊத்துவான்.”

“அப்ப மண்டிய இன்னா பண்ணுவாரு?”

“எந்த மண்டி?”

“அதான் மேடம், அடில தங்குமே. புதங்கெயம காலைல வந்து பாக்கறேன், அடியில கெட்டியா மண்டி, மேல தெளிஞ்சு நிக்கிது. நீங்களும் வர்ல. பதமா தெளிவ இறுத்து, வெள்ளத் துணில வடிகட்டி வெச்சுட்டு, மண்டியக் கொட்டி பாட்டிலக் கழுவி, தெளிவ அதுலயே திரும்ப ஊத்திட்டேன்.”

குப்பிகளில் நான் விட்டது மருந்தே இல்லை. வெறும் கடல் நீர். மூன்று வரிசையிலும் கடல் நீரைவிட்டு, கடல் குஞ்சு சாகவில்லை என்று ஆடியிருக்கிறேன்.

“யாருக்கா உங்கள வடிகட்டச் சொன்னது?” என்று கத்திவிட்டேன். முன்சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள்.

எஸ்தரின் முகம் சுருங்கியது. ஆனால் குரல் சுருங்கவில்லை. “நீங்கதான மேடம் கசாயம்னு சொன்னீங்க? கசாயத்த யாராச்சும் மண்டியோட ஊத்துவாங்களா? கொயந்தைக்குக் குடுத்தாக்கூட இறுத்துத்தான குடுப்போம்?”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. சுங்க அதிகாரியிடம் வேப்பிலைப் பொடி, இவரிடம் கஷாயம். பள்ளிப் பிள்ளைகள் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்கிறவள் நான். எனக்கு என் மீதே அவ்வளவு ஆத்திரம் வந்தது.

அதைவிடப் பெரிய பயம் பின்னாலேயே வந்தது. தம்பி வடிகட்ட மாட்டான். மண்டியோடுதான் ஊற்றுவான். உப்புத் தண்ணீரில் துகள் திரண்டு அடியில் போய்ப் படியும். இறால் மேய்வது அடியில்தான்.

மணி ஏழே முக்கால். அங்கே பத்தே கால். போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. குளத்தில் இறங்கும்போது போனை வேனிலேயே வைத்துவிட்டுப் போவது அவன் வழக்கம், தண்ணீரில் ஏற்கெனவே இரண்டைத் தொலைத்தவன். மறுபடி போட்டேன். ‘ஊத்தாதே, நிறுத்து’ என்று ஆறேழு செய்தி அனுப்பினேன். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கர்த்தரே, அந்தப் புள்ள எடுக்கணும்” என்று முணுமுணுத்தபடியே வந்தார்.

மாமல்லபுரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் இறங்கினோம். கரையில் படகுகள் வந்து சேர்ந்திருந்தன. வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் கேனைப் பார்த்து, “இன்னாக்கா, டேங்கர் லாரி வர்லியா? கடல மொண்டுகினு போறீங்க?” என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இறால் வறுத்துத் தரட்டுமா என்று ஒரு அம்மா கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அப்போது போன் அடித்தது. குமரன்.

“என்னக்கா இத்தனை கால்?”

“ஊத்திட்டியா?”

“நாலாங் குளம் முடிச்சாச்சுலா. மூணாவதுக்குக் கலக்கிக்கிட்டிருக்கேன்.”

“நிறுத்து. கலக்கினதைக் கரையிலேயே விடு. நாலாங் குளத்துல பம்பைப் போட்டு முடிஞ்ச அளவு தண்ணியை மாத்து.”

“ஏன்? நேத்துதானே ஒன்னும் ஆகாதுன்னே?”

எஸ்தர் இரண்டடி தள்ளி, புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். “நான் தப்பாப் பார்த்துட்டேன்டா” என்றேன்.

“வேப்பிலைன்னு நம்பிப் போடலக்கா” என்றான். “நீ சொன்னேன்னு போட்டேன்.” வைத்துவிட்டான்.

எஸ்தர் இடுப்பளவு தண்ணீருக்குப் போய் இரண்டு கேனையும் நிரப்பினார். ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன். பாதிக்கு மேல் நிரப்பியிருந்தார், தூக்க முடியவில்லை. அலையில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தேன்.

மதியம் பாத்திமா வீட்டில் வெள்ளிக்கிழமை பிரியாணி. கணவர் தொழுகை முடித்து வந்து பரிமாறச் சொன்னார். தால்சாவும் கத்திரிக்காயும் வாசம் தூக்கியது. நான் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். பாத்திமாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டினாள். நன்றாகத் திட்டினாள். “தெளிஞ்சு நின்னதப் பாத்துட்டு எப்படிடி சந்தேகம் வர்ல? எஸ்தர் பத்தாவதுதான் படிச்சவங்க. நீ எம்.எஸ்ஸி. படிச்சவ இல்ல?” பிறகு என் தட்டில் இன்னொரு கறித்துண்டை வைத்தாள்.

கையோடு எஸ்தரையும் கூட்டிக்கொண்டு மூவருமாக ஆய்வகத்துக்குப் போனோம். கொண்டுவந்த கடல் நீரை எஸ்தர் துணியில் வடிகட்டினார். பொடியை எடுத்ததும் நின்றார். “இத வடிகட்டலாமா, கூடாதா? இப்பவே சொல்லிடுங்க.”

“கூடாதுக்கா. கடல் தண்ணியை மட்டும் வடிகட்டலாம். இது மருந்து இல்ல, கஷாயமும் இல்ல. துத்தநாகப் பொடி. விஷமா இல்லையான்னு இனிமேதான் தெரியும்.”

“இத மொதல்லயே சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்” என்றார். ஒரு துண்டுக் காகிதத்தில் ‘வடிகட்ட கூடாது. குலுக்கி ஊத்தவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி பாட்டிலில் ஒட்டினார். நான் ஒவ்வொரு குப்பிக்கும் பாட்டிலைக் குலுக்கி, வெள்ளையாகக் கலங்கியதை அப்படியே அளந்து விட்டேன். ஆய்வேட்டில் முதல் சோதனையைக் குறுக்கே கோடிட்டு அடித்து, காரணத்தை எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். மண்டி இல்லாமல் சோதித்துவிட்டதையும், மறுபடி சோதிப்பதையும் தம்பிக்குச் செய்தியில் எழுதி அனுப்பினேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எண்ணினோம். நான் ஒரு முறை, என் கணக்கைப் பார்க்காமல் பாத்திமா ஒரு முறை. வெறும் கடல் நீரில் எல்லாம் நீந்தின. இலைச் சாற்றிலும் அப்படியே. இலை மேல் ஒரு குற்றமும் இல்லை. பொடி விட்ட குப்பிகளில், தம்பி ஊற்றிய அளவிலேயே, பாதிக்கு மேல் அடியில் வெள்ளைப் படிவத்தோடு படிவமாகக் கிடந்தன. அதில் பாதி அளவு விட்டதிலும் சாவு இருந்தது. எஸ்தரும் லென்ஸில் குனிந்து பார்த்தார். “இதுவும் பூட்ச்சு மேடம்” என்றார், மெதுவாக.

வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

“முடிஞ்சுதாக்கா?”

“முடிஞ்சுது. நீ போட்ட அளவுக்கு இங்க பாதிக்கு மேல செத்துப்போச்சு.”

“இங்கயும் அப்படித்தான்க்கா” என்றான். “காலையிலேர்ந்து நாலாங் குளத்துல அள்ளிக்கிட்டிருக்கேன்.”

“மன்னிச்சிடுடா” என்றேன். அழுகை வந்தது. மாணவர்கள் போய்க்கொண்டிருந்த வழியில் நின்று அழுதேன்.

“அழாதேலா. மூணு குளம் இருக்குல்ல.” பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது. “அதுங்களுக்கு என்ன செய்யட்டும்? பாதி அளவு போட்டுப் பார்க்கட்டுமா? நீ சொல்லு.”

மறுபடியும் என்னைத்தான் கேட்டான்.

“பாதி அளவும் வேணாம். எதையும் போடாதே. நாளைக்கு நான் வந்துடுவேன், சேர்ந்து பார்ப்போம்.”

“இந்தத் தடவை மண்டியோடதானே பார்த்தே?”

“மண்டியோடதான்டா.”

“அப்ப சரி” என்றான். “போடல.”